ஸ்காபரோவில் புது வீட்டின் உட்சுவர்ச் சட்டவேலை: ஒரு சிறிய குழுவின் சேவை பற்றி

பழைய வீட்டை இடித்துவிட்டு, கனடாவின் ரொறன்ரோ மாநகரிலுள்ள ஸ்காபரோவில் நாங்கள் கட்டிவரும் இரண்டு மாடி வீட்டின் ஃபிரேமிங் வேலையை, அதாவது மரக்கட்டைகளால் சுவர்களின் சட்டத்தை எழுப்பும் வேலையை, நம்மவர்கள் நடத்தும் ஒரு சிறிய குழுவிடம் ஒப்படைத்திருந்தோம். வெளிச்சுவர்களையும் கூரையையும் எழுப்பியவர்களும் அவர்களே என்றாலும், நான் இங்கே எழுத விரும்புவது உட்பக்க வேலையைப் பற்றித்தான். ஏனெனில் கட்டைகளின்மேல் ட்ரைவோல் என்னும் ஜிப்சம் பலகையை அடித்த பிறகு அதன் நிறைகுறைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை, சுவர் நெளிந்தோ கதவு இறுகியோ அவை வெளிப்படும்போது திருத்தும் செலவு பன்மடங்காகிவிடும். வேலையின் தரத்துக்கு முழுப் புள்ளிகளும் கொடுப்பேன். விலை எழுதித் தந்த முறைக்கும் மரத்தைப் பாதுகாத்த முறைக்கும் அப்படிக் கொடுக்க முடியாது.

குழுவின் தலைவர், சுவரில் செங்குத்தாக நிற்கும் டூ-பை-ஃபோர் (பெயரளவில் 2-க்கு 4 அங்குலம்) கட்டை ஒவ்வொன்றையும் ஒரு நுனியில் தூக்கி, ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்த்து, புடைத்திருக்கும் பக்கத்தில் பென்சிலால் அம்புக்குறி இட்ட பிறகே அடுக்கினார். சுவரில் நிறுத்தும்போது எல்லா அம்புகளும் ஒரே பக்கம் பார்க்கும். அதனால் ஒரு கட்டை உள்ளே குழிந்தும் அடுத்தது வெளியே தள்ளியும் நிற்காது. மிகவும் வளைந்தவற்றை ஒதுக்கி, நிற்கும் கட்டைகளுக்கு இடையே அடிக்கும் குறுக்குக் கட்டைகளுக்கான சிறு துண்டுகளாக வெட்டிக்கொண்டார்கள். சமையலறைச் சுவரில் இந்தக் கவனத்தின் பலன் நன்றாகத் தெரிந்தது. நீண்ட அலுமினிய மட்டக்கோலை வைத்துப் பார்த்தபோது இடையில் வெளிச்சம் தெரியவில்லை. கட்டைகளின் மையத்துக்கு மையம் 16 அங்குல இடைவெளியைக் கதவுகள், சன்னல்கள் வந்த இடங்களிலும் அவர்கள் தவறவிடவில்லை. 8 அடி, 12 அடி நீளங்களில் வரும் ட்ரைவோல் பலகையின் முனை கட்டையின் நடுவில் வந்து நிற்க வேண்டுமானால் இந்த அளவு பிசகக்கூடாது.

என்னை மிகவும் கவர்ந்தது மேல்மாடிக் குளியலறைச் சுவர். வரைபடத்தில் அது சாதாரண டூ-பை-ஃபோர் சுவர். டூ-பை-ஃபோர் என்று சொன்னாலும் இழைத்த கட்டையின் உண்மையான அளவு ஒன்றரைக்கு மூன்றரை அங்குலந்தான். மலக்கழிவை இறக்கும் 3 அங்குலக் கறுப்புக் குழாயின் வெளி விட்டமும் அதே மூன்றரை அங்குலம். "அண்ணை, குழாய் போற சுவரை டூ-பை-சிக்ஸா மாத்துவம், இல்லையெண்டால் ப்ளம்பர் வந்து மேல்கட்டையை முழுசா அறுத்துப்போடுவார்" என்று தலைவர் முன்கூட்டியே சொன்னார். டூ-பை-சிக்ஸின் உண்மையான அகலம் ஐந்தரை அங்குலம். அதற்குக் கூடுதலாகத் தேவைப்பட்ட 2 அங்குலத்தை, 5 அடிக் குளியல் தொட்டிக்கான இடத்தில் கைவைக்காமல், மறுபக்க உடுப்பு அலுமாரியிலிருந்து எடுத்துக்கொண்டார். கட்டடக் கலைஞரிடம் கேட்டு உறுதிசெய்த பின்னரே ஆணி அடித்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

பாரம் தாங்கும் குறுக்குக் கட்டைகளை எங்கெங்கே வைப்பது என்பதையும் எங்களை அறை அறையாகக் கூட்டிச்சென்று கேட்டார்கள். அரை அங்குல ட்ரைவோல் தனியே பாரமான எதையும் தாங்காது. தொலைக்காட்சி, சமையலறைப் பெட்டிகள், சாமி அறையின் கல் தட்டு ஆகியவற்றுக்குப் பின்னால் மரம் இருக்க வேண்டும். பிரதான குளியலறையில் பின்னாளில் கைப்பிடிகள் பொருத்தத்தக்கவாறு சுவரை வலுப்படுத்தி வைக்கும்படி ஒன்ராறியோ கட்டட விதிகளே கேட்கின்றன. மாமி எங்களோடு இருக்கிறார் என்று தெரிந்ததும், விதி கேட்காத கீழ்மாடிக் குளியலறையிலும் அவ்வாறே செய்து தந்தார்கள்.

வெப்பமூட்டும் குழாய் போட வந்த வேறொரு நிறுவனத்தின் ஆட்கள், மேல்தளத்தின் பாரத்தைத் தாங்கும் நடுச்சுவரில் கட்டைகளைப் பாதிக்குமேல் வெட்டிவிட்டுப் போனார்கள். பாரம் தாங்கும் கட்டையில் ஆழத்தின் மூன்றில் இரண்டு பங்காவது வெட்டுப்படாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதைப் பலப்படுத்தியாக வேண்டும். எங்கள் குழுவினர் அழைத்தவுடன் வந்து, முழு நீளப் புதுக் கட்டைகளைப் பக்கத்தில் சேர்த்து அறைந்தார்கள். மாநகரசபைப் பரிசோதகர் வருவதற்கு முன்பே அது முடிந்திருந்தது. அதற்கு அவர்கள் வாங்கிய கூலியும் நியாயமானது.

குறைகளுக்கு வருகிறேன். விலைமதிப்பில் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒற்றை வரிதான் இருந்தது. குறுக்குக் கட்டைகளுக்கும், தடிப்பாக்கிய சுவருக்கும் தனிக் கணக்கு வந்தபோதுதான் அவை அதில் அடங்கவில்லை என்று தெரிந்தது. தொகை பெரிதல்ல, ஆனால் முதலிலேயே எழுதித் தந்திருக்க வேண்டும். மரத்தை வெறும் நிலத்தில் மூடாமல் அடுக்கியதும் பிழை. சூளையில் உலர்த்தி, ஈரப்பதம் 19 சதவீதத்துக்கு மிகாமல் முத்திரை குத்தி வரும் கட்டையை மழையில் நனையவிட்டால் அந்த முத்திரைக்கு என்ன பயன்? ஈர மரம் பின்னர் சுருங்கும்போது ட்ரைவோலின் ஆணித்தலைகள் வெளியே தள்ளும். நாங்கள் வற்புறுத்தியதன் பின்னரே தார்ப்பாய் வந்தது. முறுகிய கட்டைகளை மறுபேச்சின்றி மாற்றித் தந்தார்கள்.

இவர்களை அமர்த்த நினைப்பவர்கள், குழாய்களும் வெப்பக் காற்று வழிகளும் குறித்த வரைபடங்களை முதல் சந்திப்பிலேயே கொடுத்துவிடுவது நல்லது. விலைமதிப்பில் குறுக்குக் கட்டைகளைத் தனி வரியாகக் கேட்டு வாங்குங்கள். மரம் இறங்கும் நாளுக்கு முன்பே தார்ப்பாயையும், அடியில் போடும் தாங்குகட்டைகளையும் ஆயத்தமாக வைக்கச் சொல்லுங்கள்.