அப்பாவுக்கு 35 மணி நேர ஈஈசிபி: எங்கள் அனுபவம்

பைபாஸ் முடிந்து ஒன்பது வருடம் கழித்து அப்பாவுக்கு மறுபடியும் நெஞ்சு வலி. இன்னொரு ஆபரேஷன் தாங்கமாட்டார் என்று சொன்ன இதய டாக்டரே ஈஈசிபி (EECP) செய்து பார்க்கலாம் என்றார், அதாவது கால்களைக் காற்றுப் பட்டைகளால் அமுக்கி இதயத்துக்கு ரத்தம் அதிகமாகப் போக வைக்கும் சிகிச்சை. வாரம் 5 நாள், தினம் 1 மணி நேரம், மொத்தம் 35 முறை. ஏழு வாரமும் கூடப் போனது நான்தான்.

படுக்க வைத்து கெண்டைக்கால், தொடை, இடுப்பு என்று பட்டைகளைச் சுற்றுகிறார்கள். இதயம் இரண்டு துடிப்புக்கு நடுவே ஓய்வெடுக்கும் நேரத்தை ஈசிஜியில் பிடித்து, கீழிருந்து மேலாகக் காற்று ஏறி இறுக்குகிறது, அடுத்த துடிப்புக்கு முன் சட்டென்று விடுகிறது. இதயத்தின் சொந்தக் குழாய்களுக்கு ரத்தம் அதிகமாகப் போவதே அந்த ஓய்வு நேரத்தில்தான். ஆளே குலுங்குவார், முதல் நாள் முழுக்க அப்பா என் கையை விடவில்லை.

வலி குறைந்தது, சரி. எனக்குப் பெரிதாகப் பட்டது அவருடைய சோர்வும் மனசும் மாறியதுதான். முன்பெல்லாம் குளித்துவிட்டு வந்தாலே கட்டிலில் சாய்ந்துவிடுவார், யார் போன் செய்தாலும் "தூங்குறேன்னு சொல்லிடும்மா" என்பார். இருபது முறை முடிந்த சமயம், ஒரு காலையில் செருப்புச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் பால் பாக்கெட்டோடு மாடிப்படி ஏறி வருகிறார், நடுவில் நிற்கவே இல்லை! அன்று சாயங்காலம் அத்தைக்கு அவரே போன் போட்டார். மெஷின் மட்டுமே செய்ததா, தினம் வெளியே கிளம்பிப் பக்கத்துக் கட்டில்காரரோடு பேசியதும் சேர்ந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1999இல் வெளியான 139 பேர் ஈஈசிபி ஆய்வில், பெயருக்கு லேசாக மட்டும் அமுக்கப்பட்டவர்களோடு ஒப்பிட்டுத்தான் நெஞ்சு வலி குறைந்ததைக் காட்டினார்கள். மனசு விஷயத்திலும் அப்படி ஒப்பிட்டால்தான் நான் முழுசாக நம்புவேன்.

சென்டர் மீது எனக்குக் கோபம் உண்டு. பணம் கட்டும் இடத்தில் "அடைப்பு கரைஞ்சிடும், மாத்திரையைக் குறைச்சிடலாம்" என்றார்கள். அடைப்பு இதில் கரையாது, மாத்திரையை டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. காலில் ரத்தக் கட்டி, அயோர்ட்டா (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்) வால்வில் கசிவு, அயோர்ட்டாவில் வீக்கம் இருந்தால் இந்தச் சிகிச்சை ஆபத்து, அதைக்கூட நாங்கள் எக்கோ ரிப்போர்ட்டை நீட்டிய பிறகுதான் பார்த்தார்கள். மூன்றாம் வாரம் முழங்காலுக்குப் பின்னால் தோல் உரிந்ததற்கும் நான் சொன்ன பிறகே பஞ்சு வைத்தார்கள்.

திரும்பத் தேவைப்பட்டால் இதே சிகிச்சைக்குப் போவோம், அந்தச் சென்டருக்குப் போகமாட்டோம். போகிறவர்கள் சுருக்கம் விழாத இறுக்கமான பேன்ட் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், படுக்கும் முன் பாத்ரூம் போய்விட்டு வரச் சொல்லுங்கள்.