ஞாயிறு மாலை வரலாற்று வகுப்பு: அமெரிக்க விடுதலைப் போருக்கு ஆறு வாரம்

பழைய வண்ணாரப்பேட்டையில், மாடிப் பூங்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு தேர்வுப் பயிற்சி நிலையத்தின் மாடியில், ஞாயிறுதோறும் உலக வரலாற்று வகுப்பு நடக்கிறது. ஆளுக்கு ரூ.600 கட்டி, நானும் என் மகளும் ஆறு வாரம் சென்று வந்தோம். அமெரிக்க விடுதலைப் போரை ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவள் அவள். வரியைப் பற்றிய முணுமுணுப்பு எப்படிப் போராக முற்றியது என்பது அவளுக்கு இங்கேதான் விளங்கியது.

ஆசிரியர் பாடத்தை வால்டாக்ஸ் சாலையில், அதாவது ‘மதில் வரி’ (Wall Tax) சாலையில், தொடங்கினார். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டாரே, அதே ஏழாண்டுப் போர் வட அமெரிக்காவிலும் நடந்தது. 1763இல் அது முடிந்தபோது பிரிட்டன் பெருங்கடனில் இருந்தது. இங்கே கறுப்பர் நகரத்துக்கு (இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதி) மதில் எழுப்பிய கிழக்கிந்தியக் கம்பெனி, அந்தச் செலவை மக்களிடம் வரியாகக் கேட்க நினைத்தது. வரி வசூலாகவில்லை, சாலைக்குப் பெயர் மட்டும் நிலைத்தது. அங்கே, அமெரிக்காவில் இருந்த தன் குடியேற்றங்கள் மீது, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1765இல் முத்திரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

அன்று அவர் ஓர் இருபது ரூபாய் முத்திரைத்தாளை வரிசை வரிசையாகக் கைமாற்றிப் பார்க்கச் சொன்னார். முத்திரை இல்லாமல் செய்தித்தாள் அச்சிடக் கூடாது, வழக்குத் தொடுக்கக் கூடாது, சீட்டுக்கட்டுகூட விற்கக் கூடாது என்றால் முதலில் கோபப்படுபவர் யார் என்று கேட்டார். நோட்டரி அலுவலகம் ஒன்றில் வேலை செய்யும் பெரியவர், “வக்கீலும் பத்திரிகைக்காரரும்தான் சார்” என்றார். பேசவும் எழுதவும் தெரிந்தவர்கள் தலையில் வரி விழுந்ததால் எதிர்ப்பு வேகமாகப் பரவியது. 1766இல் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதே நாளில், குடியேற்றங்களை எல்லா விஷயத்திலும் கட்டுப்படுத்தும் அதிகாரம் தனக்கு உண்டு என்று நாடாளுமன்றம் வேறொரு சட்டத்தில் எழுதிவைத்தது. தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத சபை தங்களுக்கு வரி விதிக்கலாமா என்ற கேள்வி அதனால் அணையவே இல்லை.

தேயிலை பற்றிய வகுப்புதான் மிகச் சிறந்தது. 1773ஆம் ஆண்டுச் சட்டம் தேயிலையை மலிவாக்கியது என்பதே எனக்குப் புதிய செய்தி. நம் கோட்டையில் இருந்த அதே கம்பெனியின் விற்காத சரக்கு அது. மலிவாக வாங்கினாலும் பவுண்டுக்கு மூன்று பென்ஸ் வரியை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால், டிசம்பர் 16 இரவு பாஸ்டனில் 342 பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன. தண்டனையாக 1774இல் துறைமுகம் மூடப்பட்டது. மற்றக் குடியேற்றங்கள் உணவு அனுப்பின, பிலடெல்பியாவில் மாநாடு கூடியது. 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்த பிறகும், ஜூலையில் மன்னருக்கு ஒரு மனு போனது. அதை அவர் ஏற்க மறுத்ததையும், மறு ஆண்டு ஜூலை 4 அன்று விடுதலை அறிவிக்கப்பட்டதையும் ஆசிரியர் அவசரமில்லாமல் சொன்னார்.

குறையும் உண்டு. போரின் பெரிய சண்டைகளை, சரடோகா முதல் யார்க்டவுன் வரை, ஒரே மாலையில் ஓட்டிவிட்டார்கள். “அந்த விடுதலை அடிமைகளுக்கும் கிடைத்ததா சார்?” என்று என் மகள் கேட்டதற்கு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார், அந்த வாரம் வரவே இல்லை. அதற்குத் தனியாக ஒரு வகுப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். கடைசி வாரம், 1783 ஜூனில் சென்னையிலிருந்து சென்ற ஆங்கிலப் படை, அமெரிக்கர் பக்கம் போரில் இறங்கியிருந்த பிரெஞ்சுக்காரரோடு கடலூரில் மோதியதையும், சமாதானச் செய்தி வந்துதான் முற்றுகை நின்றதையும் சொன்னபோது மின்விசிறிச் சத்தத்தில் பின்வரிசைக்குப் பாதி கேட்கவில்லை. போகிறவர்கள் சற்று முன்னதாகவே போய் முன்வரிசையில் இடம் பிடியுங்கள்.