பரபரப்பு அடங்கிய பிறகும் என்னிடம் மிஞ்சிய கேம்கள்

பெரிய கேம் எதுவானாலும் விமர்சனங்கள் பெரும்பாலும் வெளியீட்டுக்கு முன்பே வந்துவிடுகின்றன. எண்பது மணி நேரக் கதையை ஒரே வாரத்தில் தூக்கம் கெட்டு ஆடி முடித்து, பத்துக்கு ஒன்பது, பத்துக்குப் பத்து என்று மார்க் போடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, வேலை அப்படி. நாம் அப்படி ஆடுவதில்லையே. வேலை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிய விஷயம். ஒரு கேம் நம்மோடு ஒரு வருஷம், இரண்டு வருஷம் கிடக்கிறது. சோனியின் பிஎஸ்5 கருவிக்கான புதிய பெரிய கேம் ஒன்று 5,000 ரூபாயை ஒட்டி விற்கும்போது, முதல் வாரத்து மார்க்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஆறு மாதம் கழித்தும் அதைத் திறக்கிறேனா என்பதுதான் என் கணக்கு. என்னிடம் இருப்பது சுமாரான ஒரு கணினி, நின்டெண்டோவின் கேம் கருவியான பழைய ஸ்விட்ச், ஒரு ஆண்ட்ராய்டு போன்.

முதலில் சைபர்பங்க் 2077. 2020 டிசம்பர் 10 அன்று வந்தது. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்கள் கைக்குப் போனது பிசி (கணினி) பதிப்பு மட்டும். அதை வைத்து மார்க்குகள் நன்றாகவே விழுந்தன. பிஎஸ்4-இல் வாங்கியவர்களுக்குக் கிடைத்ததோ தடுக்கித் தடுக்கி ஓடும் காட்சிகளும் அடிக்கடி செயலிழப்பும். சில நாட்களிலேயே சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்து கேமைத் தூக்கிவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்பச் சேர்த்தது. பிறகு 2023 செப்டம்பரில் 2.0 பேட்ச் (கேமைத் திருத்தும் புதுப்பிப்பு) வந்து, திறமைகளை ஏற்றும் முறை, போலீஸ் துரத்தல், உடம்பில் பொருத்தும் இயந்திர உறுப்புகள் என்று அடிப்படைகளையே மாற்றி எழுதியது. அதே மாதம் ஃபான்டம் லிபர்டி என்ற கூடுதல் கதையும் வந்தது. டாக்டவுன் என்ற அடைபட்ட பகுதிக்குள் நடக்கும் அந்த உளவுக் கதை, மூலக் கதையை விட இறுக்கமானது. நான் இதையெல்லாம் பேட்சுக்குப் பிறகு ஆடினவன், எனக்கு இது நல்ல கேம். ஆனால் 2.0 பழைய கருவிகளான பிஎஸ்4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் வரவே இல்லை. அதனால் “நல்லா இருக்கா?” என்று யாராவது கேட்டால், எதில் ஆடப்போறீங்க என்றுதான் திருப்பிக் கேட்கிறேன்.

எல்டன் ரிங் விஷயம் வேறு மாதிரி. 2022 பிப்ரவரியில் வந்து அந்த வருஷத்துச் சிறந்த கேம் விருதுகளை வாரிக்கொண்டு போனது. முதல் இருபது மணி நேரத்துக்கு எந்த மார்க்கும் தகும், அதில் எனக்கு வாதமே இல்லை. ஆரம்ப நிலமான லிம்கிரேவில் ஒரு ஏரி, அதன் நடுவே இடிந்த கட்டடங்கள், தரைக்கடியில் ஒரு அறை, அறையில் ஒரு பெட்டி. ஆசையாகத் திறந்தால் புகை கிளம்பி ஆளை மூடிக்கொள்கிறது. கண் திறந்தால் முன்பின் பார்க்காத ஒரு சுரங்கம். பூச்சி மாதிரியான ஜந்துக்கள் சுற்றித் திரிகின்றன, ஒரு அடிக்குத் தாங்க மாட்டீர்கள். வரைபடத்தைத் திறந்து பழைய இடத்துக்குத் தாவலாம் என்றால், சுரங்கத்தை விட்டு வெளியே வரும்வரை அதற்கும் வழியில்லை. தட்டுத்தடுமாறி வாசலுக்கு வந்தால் வானமே சிவந்து கிடக்கிறது. கேலிட் என்ற அழுகின நிலம் அது. யாரும் எதையும் விளக்கவில்லை, ஆனால் இந்த உலகம் எவ்வளவு பெரிது, நாம் எவ்வளவு சின்ன ஆள் என்பது அந்தப் பத்து நிமிஷத்தில் புரிந்துவிடுகிறது. இப்படி ஒன்றை யோசித்து வைத்தவர்களுக்குக் கும்பிடு போடத்தான் வேண்டும்.

குறைகள் நாள்பட நாள்படத்தான் தெரிந்தன. சுரங்கக் கல்லறைகள் ஒரு கட்டத்துக்கு மேல் ஒரே அச்சு. முன்பு அடித்து முடித்த பாஸ்களே, அதாவது பெரிய எதிரிகளே, வேறு இடத்தில், சில சமயம் இரண்டிரண்டாக, திரும்ப வருகிறார்கள். கடைசியில் வரும் பனிமலைப் பகுதியில் எதிரிகளின் பலம் திடீரென்று எகிறுகிறது. இதைக்கூடப் பொறுக்கலாம். வேலைக்குப் போகிறவனுக்குப் பெரிய இடைஞ்சல் வேறு. வழியில் சந்திக்கும் ஆட்கள் சொல்லும் காரியங்களைக் குறித்து வைக்க கேமுக்குள் ஒரு குறிப்பேடு கிடையாது. இரண்டு வாரம் விட்டுவிட்டு வந்தால் யார் எங்கே வரச் சொன்னார், நாம் எதற்கு இந்தக் கோட்டை வாசலில் நிற்கிறோம், எதுவும் ஞாபகம் இருக்காது. காலிங் பெல் அடித்தால் நிறுத்தி வைக்க ஒரு பட்டனும் இல்லை, நீங்கள் கதவைத் திறக்கும் நேரத்தில் ஓநாய் உங்களைத் தின்றுவிடும். ஒரே வாரத்தில் ஆடி முடிக்கிற விமர்சகருக்கு இந்தத் தொல்லை பெரிதாகத் தெரியாது.

2024 ஜூனில் வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ கூடுதல் பகுதியிலும் அதே கதைதான். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், ஸ்டீம் என்ற கணினிக் கேம் கடையில் வாங்கியவர்களோ ரொம்பக் கடினம் என்று கொதித்தார்கள். அங்கே முன்பே ஏற்றி வைத்த லெவல் அவ்வளவாகக் கைகொடுக்காது, அந்த நிலத்தில் சிதறிக் கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கினால்தான் பலம் ஏறும். முதலில் ஊரைச் சுற்று, அப்புறம் சண்டைக்கு வா என்று கேம் சொல்கிறது. பலர் நேராகச் சண்டைக்குப் போனார்கள். சில நாட்களில் ஒரு பேட்ச் வந்து, முதலில் கிடைக்கும் துண்டுகளின் பலத்தைக் கூட்டியது. என்னைப் பொறுத்தவரை, பேட்ச் இல்லாமலே அது நியாயமான ஏற்பாடுதான். இப்போதும் எல்டன் ரிங்கை நீக்கவில்லை, மந்திரக்கோலோடு இரண்டாம் சுற்று போனேன், சண்டை புதிதாக இருந்தது. ஆனால் அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துபோன பிறகு, பெட்டி வெறும் பெட்டிதான்.

ஸ்விட்சில் செல்டா, டியர்ஸ் ஆஃப் த கிங்டம். 2023 மே 12-இல் வந்து மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றது. கிடைத்த பலகை, சக்கரம், விசிறியை ஒட்டி என்ன வண்டி வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அந்தப் பழைய சில்லுக்குள் இதையெல்லாம் ஓட வைத்தது பெரிய கெட்டிக்காரத்தனம்தான். பிரச்சினை என்னவென்றால், இரண்டு விசிறியும் ஒரு கைப்பிடியும் சேர்த்துப் பறக்கும் வண்டி ஒன்று கட்டக் கற்றுக்கொண்டதும் மற்ற எதையும் கட்டத் தோன்றுவதில்லை. எங்கு போவதானாலும் அதுவே. கூட வரும் துணைவர்களின் சக்தியை எழுப்ப அவர்கள் பக்கத்தில் போய் ஏ பட்டனை அழுத்த வேண்டும். தரையில் கிடக்கும் பொருளை எடுக்கவும் அதே ஏ. காளானை எடுக்கப் போனால் டூலின் என்ற துணைவன் வந்து குறுக்கே நின்று காற்றை ஊதிவிட, காளான் மலையிலிருந்து உருண்டு போகும். முதல் தடவை சிரிப்பு வரும். ஐம்பதாவது தடவை கன்ட்ரோலரைச் சுவரில் எறியத் தோன்றும். கதையை முடித்த பிறகு திறக்கவில்லை.

நான் அதிகம் திறக்கும் கேம் இவை எதுவும் இல்லை, போனில் கிடக்கும் பாலாட்ரோ. 2024 பிப்ரவரியில் கணினிக்கும் கன்சோலுக்கும், செப்டம்பரில் போனுக்கும் வந்தது. கனடாவில் லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் இருக்கும் ஒரே ஆள் உருவாக்கியது. போக்கரில் வரும் ஜோடி, ஃப்ளஷ் (ஒரே இனத்து ஐந்து சீட்டு) மாதிரியான சேர்க்கைகளை, அதாவது கைகளை, போட்டுப் புள்ளி சேர்க்க வேண்டும். புள்ளியை ஊதிப் பெருக்குவது 150 ஜோக்கர்கள். அவற்றை எந்த வரிசையில் வைக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஜோக்கர்கள் இடமிருந்து வலமாக வேலை செய்யும். புள்ளியைப் பெருக்கும் எண் ஃப்ளஷுக்கு 4-இல் தொடங்கும். பதினைந்து கூட்டும் ஜோக்கர் இடப்பக்கமும், மூன்றால் பெருக்கும் ஜோக்கர் வலப்பக்கமும் இருந்தால் 57 வரும். இடம் மாற்றி வைத்தால் வெறும் 27. இதைக் கண்டுகொண்ட அன்றிலிருந்து ஒவ்வொரு கைக்கு முன்னும் விரல் தானாக ஜோக்கர்களை நகர்த்திப் பார்க்கிறது.

அந்தப் பதினைந்தைக் கூட்டும் ஜோக்கர்களில் ஒன்று க்ரோ மிஷேல் என்ற வாழைப்பழம். ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஆறில் ஒரு வாய்ப்பில் அது அழிந்துபோகும். அழிந்த பிறகுதான் கேவென்டிஷ் என்ற பழம் கடையில் தலைகாட்டும், மூன்றால் பெருக்கும், அழிய ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. நிஜத்திலும் க்ரோ மிஷேல் ரகத்தைப் பனாமா வாடல் நோய் ஏற்றுமதித் தோட்டங்களிலிருந்து துடைத்தெறிந்து, அந்த இடத்தில் கேவென்டிஷ் வந்தது. நம் ஊரில் ஜி9 என்று நடுகிறார்களே, அதுவும் கேவென்டிஷ்தான். ஒரு சீட்டுக்குள் இவ்வளவு கதை.

சீட்டைப் பார்த்ததும் வீட்டில் “என்னடா, ரம்மியா?” என்று கேட்டார்கள். இதில் பணம் வைத்து ஆட வழியே கிடையாது. ஒரு தடவை வாங்கினால் சரி, விளம்பரம் இல்லை, நெட் இல்லாமலும் ஓடும். ஐரோப்பிய வயது மதிப்பீட்டு அமைப்பான பெகிக்கும் இதே சந்தேகம் வந்து, மூன்று வயது என்று இருந்ததைப் பதினெட்டாக்கியது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் 12 ஆனது. நிஜப் பணம் கொடுத்து, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத அதிர்ஷ்டப் பெட்டி வாங்கும் கால்பந்து கேமுக்கு அதே அமைப்பு 3 கொடுத்திருந்ததுதான் வேடிக்கை. குறை இல்லாமல் இல்லை. மேல் நிலைகளில் முதல் இரண்டு கட்டத்தில் நல்ல ஜோக்கர் விழாவிட்டால் திறமை இருந்தும் கதை முடிந்தது. அப்புறம், பேருந்தில் இதைத் திறந்தால் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விடும்.

கடைசியாக வெண்பா. 2023 ஜூலை 31-இல் டொராண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்டது. 1988-இல் கனடாவில் தொடங்கும் கதை: வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் குறிப்பேட்டில் பாதி எழுத்து அழிந்திருக்கிறது, மீதியை நாம் யூகித்துச் சமைக்க வேண்டும். முதல் சமையலே இட்லி. தட்டுகளை எந்த வாக்கில் அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும் என்பதுதான் புதிர். ரேடியோவில் வரும் பாட்டுகூடக் காலத்துக்கு ஏற்ப மாறுகிறது. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுகக் கேம் விருது கிடைத்தது.

இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது என்பதுதான் அன்று பலரும் சொன்ன புகார். எனக்கு நீளம் பிரச்சினை இல்லை. புதிர்கள் சுலபம், தப்பு செய்தாலும் இழப்பதற்கு எதுவும் இல்லை. இட்லிப் பானையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதல் புதிர் புதிரே இல்லை. வெளியாட்கள் தலையைச் சொறிந்த இடத்தில் நாம் நேராகப் போய்விடுகிறோம். பதிலுக்கு, கவின் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசாத காட்சிகள் நமக்குக் கூடுதலாகச் சுடுகின்றன. கேம் என்ற வகையில் பத்துக்கு ஆறுதான் போடுவேன். தள்ளுபடியில் வந்தால் வாங்கி, கேம் ஆடாத பெரியவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் கன்ட்ரோலரை அவர்கள் கையில் கொடுங்கள். என் அம்மா புட்டுக் குழலில் தேங்காய்த் துருவலை முதலில் போடாமல் மாவைப் போட்டதற்காகத் திரையில் இருந்த வெண்பாவைத் திட்டினார். மாவைப் போட்டதே என் அம்மாதான்.