'உங்கள் சொந்த டாக்டர்' என்று ஆண்டுச் சந்தா கேட்கிறார்களா? என் 8,999 ரூபாய் போனது இப்படித்தான்

பணத்தைத் திருப்பித் தரமுடியாது என்று இன்று காலையும் பதில் வந்தது. இனிப் பொறுக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன். ரூ.8,999 போய்விட்டது.

அம்மா தேனியில் தனியாக இருக்கிறார். 68 வயது. சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. நான் கோவையில். போனிலேயே டாக்டர் பார்க்கும் ஒரு செயலி. பெயர் போடவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. குடும்பத்துக்கென்று ஒரே டாக்டர், ராத்திரி பகல் எப்போதும் கூப்பிடலாம், ஆண்டுக்கு 8,999 என்றார்கள். பத்து நாள் யோசித்தேன்.

இலவசமாகக் கொடுத்த முதல் அழைப்பில்தான் நம்பிவிட்டேன். அந்த டாக்டர் அம்மாவிடம் இருபது நிமிடம் பேசினார். காலையில் எத்தனை இட்லி, பாதம் மதமதப்பாக இருக்கிறதா, இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். மாத்திரை அட்டையைக் கேமராவில் காட்டச் சொன்னார். "இனிமே நான் உங்க பிள்ளை மாதிரிம்மா" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நானே இப்படி உட்கார்ந்து அவரிடம் விசாரித்து எத்தனை நாளாயிற்று! அன்றைக்கே கட்டிவிட்டேன்.

அதற்கப்புறம் அந்த டாக்டர் வரவே இல்லை. அடுத்த அழைப்பில் வேறொருவர், அதற்கடுத்து இன்னொருவர். ஒவ்வொருவரும் "சுகர் எத்தனை வருஷமா?" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒருவர் அனுப்பிய மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண்ணே இல்லை. தொலைமருத்துவத்துக்கு 2020-ல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைப்படி அது கட்டாயம்.

போன வியாழன் இரவு அம்மா வயிறு சரியில்லை என்று சாப்பிடாமல், சுகரைக் குறைக்கும் கிளிமிப்பிரைடு மாத்திரையை மட்டும் போட்டிருக்கிறார். பத்தே முக்காலுக்கு என்னைக் கூப்பிட்டார். வியர்வை, கை நடுக்கம், பேச்சே குழறியது. மெஷினில் பார்த்தால் சுகர் 58-க்கு இறங்கியிருந்தது. செயலியில் கூப்பிட்டால், "உங்கள் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் பதில் தருவார்" என்று எழுத்து வந்தது. எதிர்வீட்டு அக்காதான் ஓடிவந்து சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் 92 ஆனது. அவசரத்துக்கு நேரில்தான் போகவேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதலுதவி சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது போனில் பார்க்கும் டாக்டரின் வேலை என்று அதே நெறிமுறை சொல்கிறது. "சர்க்கரை கொடுங்க" என்ற ஒரு வார்த்தைக்குக்கூட ஆள் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதல் நாள், "டிக்கெட் போட்டிருக்கோம் மேடம், 72 மணி நேரம்." அப்புறம், "அந்த டாக்டர் இப்போ எங்ககிட்ட இல்லை." மூன்றாவது ஆள், "அவசரம் உங்க பிளான்ல வராது." இன்று காலை, "ஒரு தடவை பேசிட்டீங்கன்னா ரீஃபண்ட் கிடையாது." 8,999 ரூபாய்க்கு நான்கு பேரும் நான்கு விதமாகச் சொல்கிறார்கள்!

கட்டும் முன் என்னென்ன பார்க்கவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். கை நடுங்குகிறது, இவ்வளவுதான் வருகிறது. ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள். டாக்டரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். தானாகவே பணம் எடுக்கும் யுபிஐ ஆட்டோபே போட்டிருந்தால் உடனே ரத்து செய்யுங்கள். 15,000 ரூபாய் வரை அடுத்த முறை பின் நம்பர் கேட்காமலே எடுத்துவிடலாம். எனக்கும் அடுத்த ஆண்டுக்கு இன்னொரு 8,999 போட்டு வைத்திருந்தார்கள். போனில் கேட்டால் போதும் என்றால் அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி இலவசம். அவசரத்துக்கு 108.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்துவிட்டேன். இதில் பணம் திரும்பி வந்தவர்கள் யாராவது இருந்தால் எத்தனை நாள் ஆனது என்று சொல்லுங்கள்.