ஒரே ஜோடி குவார்ட்ஸ் குவெட், எட்டு வருடம்

எங்கள் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் எட்டு வருடமாக ஒரே ஜோடி குவார்ட்ஸ் குவெட்தான் ஓடுகிறது. குவெட் என்றால், ஒரு மாதிரி எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று கருவியில் அளக்க அதை ஊற்றி வைக்கும் சின்னச் சதுரக் குப்பி. 10 மி.மீ. ஒளிப்பாதை, 3.5 மி.லி. அளவு. வாங்கும்போது விலை கொஞ்சம் உறுத்தியது, இன்றைக்கு அந்தப் பணத்துக்கு நான் வருத்தப்படவில்லை.

டிஎன்ஏவை 260, புரதத்தை 280 நானோமீட்டர் அலைநீள ஒளியில் (புற ஊதாவில்) பார்ப்பவர்கள் குவார்ட்ஸே வாங்குங்கள். சாதாரண ஆப்டிக்கல் கண்ணாடியும் பாலிஸ்டைரீனும் 340க்கு மேல்தான் ஒழுங்காக ஒளியை விடும். முதல் வருடம் யாரோ கண்ணாடி குவெட்டைக் குவார்ட்ஸ் பெட்டியில் வைத்துவிட்டார்கள், பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கும், 260இல் அளவு தாறுமாறாக ஓட, கருவியின் விளக்கு போய்விட்டது என்று நினைத்து அரை நாளை வீணாக்கினேன். இப்போது சந்தேகம் வந்தால் காலிக் குவெட்டை 240இல் வைத்துப் பார்ப்பேன். குவார்ட்ஸ் என்றால் அப்சார்பன்ஸ் (ஒளி உறிஞ்சல் அளவு) கொஞ்சம்தான் காட்டும், கண்ணாடி என்றால் எகிறிவிடும்.

அப்புறம் பிராட்ஃபோர்டு, அதாவது நீலச் சாயம் கலந்து புரதத்தின் அளவைப் பார்க்கும் சோதனை. அந்த நீலச் சாயம் குவார்ட்ஸ் சுவரில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும், தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் லேசான நீலம் தெரியும். மெத்தனால் ஊற்றித்தான் எடுத்தேன். 595இல் அளக்க எதற்குக் குவார்ட்ஸ்? பிளாஸ்டிக் போதும், அளந்துவிட்டுத் தூக்கிப் போடலாம். ஆனால் பாலிஸ்டைரீனில் அசிட்டோன் ஊற்றாதீர்கள், கரைந்துவிடும்.

பராமரிப்பில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விஷயம், அளந்த கையோடு கழுவுவது. மாதிரி உள்ளே காய்ந்துவிட்டால் பாதி ஆயுள் போன மாதிரி. காய்ச்சி வடித்த நீரில் நாலைந்து முறை, கடைசியில் எத்தனால், அவ்வளவுதான். புரதத்தை மட்டும் முதலில் நீரில் நன்றாக அலசிவிட வேண்டும், நேரே எத்தனால் ஊற்றினால் அது திரிந்து சுவரிலேயே படிந்துவிடும். சொரசொரப்பான பக்கங்களைத்தான் பிடிக்க வேண்டும். துடைக்க லென்ஸ் டிஷ்யூ, உள்ளே பிரஷ் வேண்டவே வேண்டாம், பிப்பெட் முனைகூடச் சுவரில் உரசக் கூடாது. அல்ட்ராசோனிக் தொட்டியில் நான் போடுவதில்லை, ஒட்டுப் பகுதி விரிசல் விடும். அடர்ந்த காரத்தில் இரவு முழுக்க ஊறவைத்தால் குவார்ட்ஸின் சிலிக்காவே அரித்துப் போகும்.

இரண்டிலும் தண்ணீர் ஊற்றி மாதம் ஒருமுறை ஒப்பிட்டு நோட்டில் எழுதுகிறேன். போன வாரமும் 260இல் வித்தியாசம் 0.003தான்.