பவர் ஸ்டியரிங் ரேக்: வீட்டிலேயே பிரித்து சீல் மாற்றுவதா, ரீகண்டிஷன் ரேக் வாங்குவதா?

பழைய இண்டிகா, அக்சென்ட், முதல் தலைமுறை இன்னோவா போல ஆயிலில் இயங்கும் பவர் ஸ்டியரிங் வண்டிகளுக்கான அலசல் இது. எலெக்ட்ரிக் ஸ்டியரிங் வண்டிக்கு இந்தச் சீல் வேலை பொருந்தாது. ரேக் என்பது ஸ்டியரிங் திருப்பத்தை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்.

ரேக்கின் இருமுனையிலும் இருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறைதான் பூட். அதை விரலால் அமுக்கும்போது உள்ளே ஆயில் தளும்பினால், ஆயிலைத் தடுத்து நிறுத்தும் வளையமான சீல் போய்விட்டது. அதற்குமேல் நான்கு வழி. புது ரேக் கிடைத்து, கையில் பணமும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். காயலான்கடை ரேக் பெரும்பாலும் வீண். ஆயில் வடிந்து கிடந்ததில் அதன் சீலும் விறைத்திருக்கும், எப்படியும் சீல் கிட் போட்டாக வேண்டும். ஆக, உண்மையான போட்டி ரீகண்டிஷன் ரேக்குக்கும் வீட்டு வேலைக்கும்தான். ரேக்குக்குள் இடம் வலமாக நகரும் இரும்புத் தண்டு நன்றாக இருந்தால் என் ஓட்டு வீட்டு வேலைக்கு.

காரணம் கூலி மிச்சம் அல்ல, அந்தத் தண்டுதான். எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில், தொண்டி முதல் ஏர்வாடி வரை, பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் தீவு முழுக்க, காற்றிலேயே உப்பு. துருவைச் சோதிக்கவென்றே காரைக்குடியின் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) மண்டபம் ஊரில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டில் நகக்கண் அளவு கிழிசல் போதும். தனுஷ்கோடி ரோட்டில் மேலே தெறிக்கும் ஈர மணல் உள்ளே போய், பளபளப்பான தண்டில் ஊசிமுனை அளவுக் கரும்புள்ளிகளாகத் துருவை ஊன்றிவிடும். நேராக ஓடும்போது அந்த இடம் சீலுக்கு வெளியே இருக்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கையில் உள்ளே நுழைந்து, அரம் போல சீல் உதட்டைச் சுரண்டும். எவ்வளவு நல்ல சீல் கிட் போட்டாலும் சில மாதங்களில் மறுபடி ஒழுகுவது இதனால்தான். பல் இல்லாத உருண்டைப் பக்கம்தான் இதில் முக்கியம்.

ரீகண்டிஷன் ரேக் கறுப்பு பெயிண்டும் புது பூட்டுமாக மின்னும். தண்டு எந்த ஊரில் ஓடியது, எவ்வளவு அரித்திருக்கிறது என்பது பூட்டுக்குள் ஒளிந்திருக்கும். வாங்கியே தீர வேண்டுமென்றால், கடையிலேயே இரண்டு பூட்டையும் தளர்த்தச் சொல்லுங்கள். தண்டை நகர்த்தும் சின்னப் பல்சக்கரமான பினியனைக் கடைசிவரை இருபக்கமும் திருப்பி, தண்டின் மேல் நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் வேண்டாம். அவிழ்க்க மறுக்கும் கடையில் வாங்கவே வேண்டாம். அரை நாளில் வேலை முடிவது மட்டும் இதில் மறுக்க முடியாத லாபம்.

வீட்டில் செய்தால் தண்டு உங்கள் கண் முன்னே. புள்ளி லேசாக இருந்தால் 1000, பிறகு 2000 நம்பர் எமரி பேப்பரை ஆயிலில் நனைத்து, தண்டைச் சுற்றித் தேய்த்தால் போதும். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கோடு வழியாகவே ஆயில் கசியும். பள்ளம் மிஞ்சினால் அந்த வேலையை அங்கேயே நிறுத்தி வேறு ரேக் தேட வேண்டும். விபத்தில் வளைந்த தண்டுக்கும் அதுவே.

கழற்றும் முன் சக்கரத்தை நேராக வைத்து, ஸ்டியரிங்கை சீட் பெல்ட்டால் கட்டுங்கள். அது தன்னிஷ்டத்துக்குச் சுற்றினால் ஏர்பேக் வயர்ச்சுருள் அறுந்துபோகும். ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் எத்தனை சுற்றில் கழன்றது என்று எழுதி வையுங்கள். பைப் நட்டுகளுக்கு முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஃப்ளேர் நட் ஸ்பேனரால் திறக்க வேண்டும். சாதாரண ஸ்பேனர் முனையை மழுக்கிவிடும். பினியன், ஜாயிண்ட், அட்ஜஸ்டர் ஸ்குரூ மூன்றுக்கும் பெயிண்ட் குறி தேவை. ஸ்குரூவை அதிகம் இறுக்கினால் ஸ்டியரிங் தானாகத் திரும்பாது, தளர்த்தினால் பள்ளத்தில் டொக்கு டொக்கென்று தட்டும். வால்வுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பியின் பின்னைத் தொடவே கூடாது. தொட்டால் வண்டி ஒரு பக்கம் தானாக இழுக்கும்.

பெரும்பாலும் வேலை கெடுவது சீல் ஏற்றும்போதுதான். உதடு, ஆயில் அழுத்தம் வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். உள் சீல் தண்டின் பல் மேலாக நுழைய வேண்டியிருந்தால், பழைய எக்ஸ்ரே படத்தைக் குழாய் போலச் சுருட்டிப் பல்லை மூடி, ஆயில் தடவி, அதன் மேல் வழுக்கி ஏற்றுங்கள். இல்லாவிட்டால் பல் முனை உதட்டைக் கீறிவிடும், அது கண்ணுக்கும் தெரியாது. டெஃப்லான் வளையங்களை வெந்நீரில் போட்டு மிருதுவாக்கி ஏற்றி, பழைய அளவுக்குச் சுருங்கும்வரை அதே படத்தால் இறுகச் சுற்றி வையுங்கள்.

ஸ்டியரிங்குக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஆயில் இரண்டு லிட்டர் வாங்குங்கள், பாதி கழுவுவதற்கே போகும். கறுப்பு ஆயிலோடு புது சீல் போடுவது வீண் செலவு. முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜின் ஓடாமல் 20 தடவை இருபக்கமும் ஒடித்து, ஆயில் குறையக் குறைய ஊற்ற வேண்டும். நுரை நின்ற பிறகே ஸ்டார்ட். ஸ்டார்ட் ஆன பிறகு, முழுக்க ஒடித்த நிலையில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்தால் பம்பு சூடேறும். பிறகு அலைன்மென்ட் கட்டாயம்.

எந்த வழியில் போனாலும் பூட் பராமரிப்புதான் ரேக்கின் ஆயுள். உள்பக்கம் துருப்பிடிக்காத கிளாம்ப் போடுங்கள், பூட்டின் உதட்டுக்கு உள்ளே சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். கடற்கரை ரோட்டில் போய்வந்தால் அடிப்பகுதியைக் கழுவ வேண்டும். ஆனால் இங்கே பல ஊர்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் உப்பைப் பூசுவதற்குச் சமம். குழாயில் வரும் காவிரிக் குடிநீர் ஒரு வாளி போதும்.