ராட்டினத்தை உறைய வைப்பதா, ஓட விடுவதா?

ரோலர் கோஸ்டர் பாயும்போது கேமராவின் ஷட்டரை, அதாவது ஒளியை உள்ளே விடும் திரையை, 1/1000 நொடியில் வைத்தால், பறக்கும் தலைமுடிகூடப் படத்தில் தெளிவாக விழும். அலறும் முகங்கள் கிடைக்கும். ஆனால் வேகம் தெரியாது. வண்டி தண்டவாளத்தில் சும்மா நிற்பது போலிருக்கும்.

மெதுவான ஷட்டர் வேறு ரகம். ராட்சத ராட்டினத்தை மாலையில் 1 அல்லது 2 நொடி ஷட்டரில் எடுத்தால், விளக்குகள் வண்ண வளையங்களாகிவிடும். வெறும் கண்ணுக்கு இப்படித் தெரியவே தெரியாது, அதனால் என் ஓட்டு இதற்குத்தான். கேமராவைத் தாங்கும் முக்காலியைப் பல பூங்காக்களில் விடமாட்டார்கள். சரி, கம்பித் தடுப்பின் மேல் கேமராவை அழுத்திப் பிடித்து, பொத்தானை அழுத்தி 2 நொடி கழித்துப் படமெடுக்கும்படி டைமர் வைத்தால் போதும். வானத்தில் கொஞ்சம் நீலம் மிச்சமிருக்கும்போதே எடுத்துவிடுங்கள். முழு இருட்டில் ராட்டினத்தின் சட்டம் கறுப்பில் கரைந்துவிடும்.

கூட வந்த குழந்தையின் முகம்தான் முக்கியம் என்றால், வேகமான ஷட்டருக்கே போங்கள்.